முதலில் வீட்டுக்காரரை விசாரியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வீட்டுத் தரகு. பதில் தருபவர், மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு உரிமையாளர்களுக்கு வாடகைக்கு ஆள் தேடிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற உப தபாலதிபர்.

கேள்வி: அம்மா, கட்டாரில் எட்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். கையில் ஒரு மோட்டார் சைக்கிளும் நல்ல போனும் இருக்கின்றன. கடை போடுமளவுக்குப் பணம் இல்லை. வீட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு ஆள் தேடிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். பேஸ்புக்கில் பக்கம் திறந்து, பெயர்ப் பலகையும் எழுதக் கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்ய வேண்டும்? இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?
– வாசகர், நாவற்குடா

பதில்: பலகைக்கு அவசரப்பட்டுவிட்டீர்கள், தம்பி. எழுதக் கொடுத்த பெயரை வேறு யாராவது முன்பே பதிவு செய்திருந்தால் தகரமும் பெயின்டும் வீண். நாளைக்கே மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்குப் போய் வணிகப் பெயரைப் பதிவு செய்யும் படிவத்தை வாங்குங்கள். கிராம உத்தியோகத்தரின் கையொப்பம், அடையாள அட்டைப் பிரதி என்று கொஞ்சம் அலைச்சல் இருக்கும், பெரிய வேலையில்லை. சான்றிதழ் வந்ததும் அந்தப் பெயரில் வங்கியில் தனிக் கணக்கொன்று திறந்துவிடுங்கள். கூலி அதில் மட்டும் வரட்டும், வீட்டுச் சாமான் வாங்கும் காசோடு கலக்க வேண்டாம்.

குடும்பம் நடத்த முடியுமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டின் மாத வாடகை 35,000 ரூபாய் என்று வையுங்கள். உரிமையாளரிடம் அரை மாத வாடகையைக் கூலியாக வாங்கினால் 17,500. மாதம் 4 வீடு முடித்தால் 70,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நாலு வீடும் எங்கிருந்து வரும்? குடிவந்த குடும்பம் இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் போகிறது என்றால், ஒரு வீடு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் உங்களிடம் திரும்பி வரும். மாதம் 4 என்றால் ஆண்டுக்கு 48. ஆகவே 96 வீட்டுக்காரர்கள் உங்களை நம்பி, வேறு தரகரிடம் போகாமல் இருந்தால்தான் அந்த 70,000 நிற்கும். அதுவும் மாதாமாதம் சமமாக வராது. அரசாங்க இடமாற்றங்கள் ஜனவரியில் அமலுக்கு வரும்போது போன் ஓயாது; நடு ஆண்டில் ஈ ஓட்டுவீர்கள். முதலாம் ஆண்டுக்கு வேறொரு வருமானம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லாரும் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றி. வந்த உடனே வாடகைக்காரரைத் தேடி ஓடுகிறார்கள். இக்மன் இணையத்தளத்தில் விளம்பரம், வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம், தந்திக் கம்பத்தில் ஒட்டிய காகிதம். தம்பி, மட்டக்களப்பில் வாடகைக்கு ஆள் கிடைப்பது கடினமில்லை. போதனா வைத்தியசாலைக்கு வரும் பயிற்சி வைத்தியர்கள் இருக்கிறார்கள், கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்துக்கும் வங்கிகளுக்கும் மாற்றலாகி வருகிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளை நகரப் பாடசாலையில் சேர்ப்பதற்காக வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் தாமாகவே உங்களைத் தேடி வருவார்கள். அவர்களைக் கொண்டுபோய் வைக்கத் தகுந்த வீடும், அந்த வீட்டுக்கு ஒழுங்கான உரிமையாளரும் கிடைப்பதுதான் பாடு. உங்களுக்குக் கூலி தருகிறவர் வீட்டுக்காரர் என்பதால் அவரைக் கேள்வி கேட்கக் கூசாதீர்கள். வாடகைக்காரரை விசாரிக்கும் முன் அவரை விசாரியுங்கள்.

முதற் கேள்வி, வீடு யாருடையது. நம் பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குப் போகும். அப்பா வாசலில் நின்று "என்னுடைய வீடு" என்பார். காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்தால் கனடாவில் இருக்கும் மூத்த மகளின் பெயர். அவர் பொய் சொல்லவில்லை, கல் சுமந்து கட்டியவர் அவர். ஆனால் உங்களுடைய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க அவருக்கு உரிமை இல்லாமல் போகலாம். அதனால் மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: உறுதியின் பிரதி, மாநகர சபைக்கு வீட்டுக்கான சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, கடைசி மின்பட்டியல். மூன்றிலும் ஒரே பெயர் இருந்தால் நல்லது. மூன்று பெயர் இருந்தால் பதறாதீர்கள், இங்கே அது சாதாரணம். ஏன் என்று மட்டும் கேட்டுத் தெளிவாகுங்கள். காகிதம் காட்ட மறுக்கிறவரின் வீட்டை எடுக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வியை எப்படிக் கேட்பது என்று உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும்: "மகளுக்குக் கல்யாணம் பேசுகிறீர்களா?" சீதனமாகக் கொடுக்கக் கட்டிய வீடு, மாப்பிள்ளை அமையும் வரை சும்மா கிடக்கிறதே என்று வாடகைக்கு விடுவார்கள். ஆறாவது மாதம் சம்பந்தம் முற்றாகும். "வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும், ஒரு மாதத்தில் எழும்பச் சொல்லுங்கள்" என்று உங்களுக்குத்தான் போன் வரும். நடு ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளோடு இருக்கிற குடும்பம் எங்கே போகும்? கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுக்குக் குடும்பங்களை நான் அனுப்புவதில்லை. ஒப்பந்தக் காலத்துக்கு வந்திருக்கும் பொறியியலாளர், பயிற்சி வைத்தியர் என்று ஓராண்டுக்குள் போகப்போகிறவர்களைத்தான் அனுப்புகிறேன், காரணத்தையும் சொல்லி. யாரும் கோபித்ததில்லை. கல்யாண வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டவர்கள்கூட உண்டு.

மூன்றாவது, பாக்கி. மின்சாரக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் உரிமையாளர் பெயரில் இருக்கும். பழைய குடி வைத்துவிட்டுப் போன பாக்கிக்குப் புதுக் குடியின் லைட்டை வெட்டுவார்கள். சாவி கைமாறும் நாளில் மின்சாரம், தண்ணீர் அளக்கும் இரண்டு மானியையும் போனில் படம் பிடித்து, வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். மேல் மாடியில் ஒரு குடும்பமும் கீழே ஒரு குடும்பமும் ஒரே மானியில் இருந்தால் முன்கூட்டியே எச்சரியுங்கள். வீட்டு மின்கட்டணம் 30, 60, 90, 120, 180 அலகு என்று படி ஏற ஏற அலகு விலையும் ஏறும். தனித்தனியே 80 அலகு எரிக்கும் இரண்டு குடும்பங்கள் ஒரே மானியில் சேர்ந்தால் 160க்குப் போய் நிற்கும். தனி மானி இருந்தால் வந்திருக்கக்கூடிய தொகையைவிட இரண்டு பேருக்கும் கூட. பாதிப் பாதி பிரித்தாலும் சண்டை வரும், ஏனென்றால் ஒரு வீட்டில் குளிரூட்டி இருக்கும். உப மானி பொருத்த உரிமையாளர் சம்மதித்தால் மட்டும் அந்த வீட்டை எடுங்கள்.

பிறகு வளவு. தேங்காய் யாருக்கு? சிரிக்காதீர்கள். நான் தீர்த்துவைத்த வழக்குகளில் பாதி தேங்காய் வழக்கு. வாடகையும் வாங்கிக்கொண்டு, மாதம் ஒருமுறை ஆளைக் கூட்டிவந்து, சொல்லாமல் கொள்ளாமல் படலையைத் திறந்து மரம் ஏற்றுகிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த பெண் அலறியடித்து உள்ளே ஓடியதை நான் கண்டிருக்கிறேன். தேங்காய், மாங்காய், முருங்கைக்காய் யாருக்கு, உரிமையாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரலாம் என்பதை எழுத்தில் வையுங்கள். பூட்டி வைத்த அறை ஒன்று இருந்தால் அதையும் எழுதுங்கள். உள்ளே கறையான் பிடித்தால் கதவை யார் திறப்பது?

கடைசியாக மழை. நம் ஊரில் வீட்டைப் பார்க்க வேண்டிய காலம் மாரி. வெயிலில் எல்லா வீடும் அழகு. வடகீழ்ப் பருவமழை நன்றாகக் கொட்டிய மறுநாள் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், எங்கே முழங்கால் தண்ணீர், எங்கே வடிந்துவிட்டது என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கெல்லாம் தண்ணீர் ஏறியது என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மண் இது. நிலத்தடி நீர் மேலே வரும்போது மலசலகூடக் குழி நிரம்பும். பௌசர் கூப்பிட்டு இறைக்கிற செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்துக்குரிய விஷயம்தான். கிணற்றுத் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் அள்ளி இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். காவி படிந்தால் வாடகைக்காரரிடம் மறைக்காதீர்கள், அவருடைய வெள்ளைச் சட்டை ஒரு வாரத்தில் சொல்லிவிடும். கடற்கரைப் பக்க வீட்டுக்கு "2004இல் கடல் இதுவரை வந்ததா?" என்று கேட்பார்கள். வந்திருந்தால் வந்தது என்று சொல்லுங்கள். கேட்டுவிட்டு அதே வீட்டை எடுத்தவர்களும் இருக்கிறார்கள், காற்றுக்காக.

இவ்வளவையும் பார்த்து எழுதிவைத்த கொப்பிதான் உங்கள் கடை. பேஸ்புக் பக்கம் பின்னால் வரட்டும்.

கேள்வி: ஆள் கூட்டிக்கொண்டுபோய் வீடு காட்டினேன். "பிடிக்கவில்லை" என்று அந்த ஆளும் வீட்டுக்காரரும் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அதே ஆள் அதே வீட்டில் குடியிருக்கிறார். வீட்டுக்காரர் என் போனை எடுப்பதில்லை. என் கூலியை எப்படி வாங்குவது?
– வாசகர், ஏறாவூர்

பதில்: வாங்க முடியாது. விட்டுவிடுங்கள். ஓடிப்போய்ச் சண்டை பிடித்தால் அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீடு போகும்.

அடுத்த வீட்டுக்கு ஒன்று செய்யுங்கள். ஆளைக் கூட்டிப்போகும் முன், வீட்டுக்காரருக்கு ஒரு சிறு செய்தி அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள்: இன்னாரை இன்ன திகதியில் கூட்டி வருகிறேன், இன்னும் மூன்று மாதத்துக்குள் இவர் இந்த வீட்டுக்கு வந்தால் என் கூலி இவ்வளவு. எழுத்தில் "சரி" போட்ட மனிதர் போனை எடுக்காமல் இருப்பது குறைவு. உங்களிடம் ஒளித்துச் சேர்ந்த அந்த இருவரும் ஓராண்டுக்குள் மின்பட்டியலிலோ மதில் கட்டுவதிலோ முட்டிக்கொண்டு, நடுவில் பேச ஆள் தேடுவார்கள். அப்போது வருவார்கள். அதற்குக் கூலி வாங்கலாம்.

பார்க்க வருகிறவரிடம் "பார்வைக் கட்டணம்" என்று முன்பணம் வாங்குகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எனக்குப் பிடிக்காது. ஐந்து பேரிடம் ஐந்நூறு ஐந்நூறாக வாங்கிக்கொண்டு பூட்டிய வீட்டின் மதிலைக் காட்டிவிட்டு வந்தவர்களால்தான் தரகர் என்றால் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கிறது.

கேள்வி: அண்ணன் சுவிஸில் இருக்கிறார். களுவாஞ்சிகுடியில் அவருடைய மாடி வீடு பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு விட்டு நீயே பார்த்துக்கொள் என்கிறார். நானே இதைச் செய்யலாமா, தரகர் வேண்டுமா? இதைப் பார்த்து ஊரில் இன்னும் இரண்டு பேர் தங்கள் வீட்டையும் பார்க்கச் சொல்கிறார்கள்.
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் நான் இரண்டு தரம் படித்தேன், தங்கச்சி. தொழில் உங்களைத் தேடி வந்திருக்கிறது.

முதலில் அண்ணனின் வீடு. அவர் அங்கே இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு உங்கள் பெயருக்கு ஓர் அற்றோனித் தத்துவம், அதாவது அவர் சார்பில் நீங்கள் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பட்டும். அதில் வாடகைக்கு விடும் அதிகாரம் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். விற்கும் அதிகாரம் வேண்டாம், குடும்பத்துக்குள் வீண் பேச்சு வரும். இங்கே அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கொடுத்தவர் இறந்தால் அது அன்றோடு செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். வயதான பெற்றோர் பெயரில் வீடு உள்ளவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், அவர்கள் இந்த ஒன்றைத்தான் மறக்கிறார்கள்.

அடுத்து, அந்த இரண்டு வீடுகள். மேலே நாவற்குடாத் தம்பிக்குப் போட்ட கணக்கை எடுத்துப் பாருங்கள். அவர் 96 வீட்டுக்காரரைத் துரத்தி 70,000 உழைக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டை மாதாமாதம் கவனித்துக் கொடுத்து வாடகையில் 10 சதவீதம் வாங்கினால், 35,000 ரூபாய் வீட்டுக்கு 3,500. அப்படி 20 வீடு இருந்தால் அதே 70,000, ஜனவரியானாலும் ஆடியானாலும். ஆனால் வேலை இருக்கிறது: மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது, கூரை ஓடு மாற்ற மேசனைப் பிடிப்பது, தண்ணீர்த் தாங்கி கழுவுவது, சோலைவரி கட்டுவது, செலவுக்கெல்லாம் பற்றுச்சீட்டு எடுத்து அனுப்புவது. படம் எடுத்து அனுப்பும்போது நல்ல மூலையை மட்டும் எடுக்காதீர்கள். சூரிச்சில் பனியில் நின்று வேலை செய்து கட்டிய வீடு. குழாய் ஒழுகுவதை நீங்கள் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

வாடகை உங்கள் கைவழி போக வேண்டாம். வாடகைக்காரர் நேராக உரிமையாளரின் இலங்கை வங்கிக் கணக்கில் போட்டுச் சீட்டைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பட்டும். உங்களுடைய 10 சதவீதத்தை உரிமையாளர் தனியே அனுப்பட்டும். சொந்த அண்ணனாக இருந்தாலும் இதே முறைதான். அண்ணி கேட்டால் காட்ட ஒரு கணக்கு இருக்கும்.

கேள்வி: ஒப்பந்தம் எழுத, சட்டப் பத்திரங்களை உறுதிப்படுத்தித் தரும் நொத்தாரிசிடம் போகச் சொன்னால் வீட்டுக்காரர்கள் செலவு என்று பின்வாங்குகிறார்கள். கடையில் விற்கிற படிவத்தில் இருவரும் கையெழுத்து வைத்து, தரகர் சாட்சியாக ஒப்பமிட்டால் போதாதா?
– வாசகர், கல்முனை

பதில்: நினைவுக் குறிப்பு என்ற அளவில் போதும். சட்டத்துக்குப் போதாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசின் முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றும் உயிரோடு இருக்கிறது. படிவத்தில் "இரண்டு ஆண்டு" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாலும், வழக்கென்று வந்தால் அதை மாதவாடகைக் குடியிருப்பாகத்தான் பார்ப்பார்கள். அந்த இரண்டு ஆண்டை நம்பி முற்பணம் கொடுத்தவருக்கும் பாதுகாப்பில்லை, அதை நம்பி இருக்கும் வீட்டுக்காரருக்கும் இல்லை.

செலவுக்குப் பின்வாங்குகிற அதே வீட்டுக்காரர்தான் "குடி எழும்பாவிட்டால் என்ன செய்வது?" என்று இரவில் தூங்காமல் இருக்கிறார். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவர் பக்கம் பலமாக நின்ற காலத்தின் கதைகள் நம் பெரியவர்கள் மனதில் அப்படியே கிடக்கின்றன. பிறகு திருத்தங்கள் வந்தன. குத்தகைக்கு விட்ட இடத்தின் உடைமையை மீட்டெடுக்கவென்றே 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது. அந்த வழியில் போக விரும்புகிறவர் முறையான ஒப்பந்தத்தோடுதான் வழக்கறிஞர் முன்னால் உட்கார முடியும். இதை வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லுங்கள், நொத்தாரிசுச் செலவு சிறிதாகத் தெரியும். செலவை இரு பக்கமும் பாதியாகப் பிரிக்கச் சொல்வது என் வழக்கம்.

தரகர் சாட்சிக் கையெழுத்து வைப்பது பற்றி: வைக்காதீர்கள். கூலி வாங்கியவர் சாட்சியாக நின்றால் நாளைக்கு இரண்டு பக்கமும் உங்களைத்தான் நீதிமன்றத்துக்கு இழுக்கும்.

அம்பாறை மாவட்டத்து வாசகர்களுக்கு இன்னொன்று. உங்கள் பக்கத்தில் குடியேற்றத் திட்டக் காணிகள் நிறைய. உறுதி இல்லாமல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப் பத்திரம் மட்டும் உள்ள வீடு என்றால், குத்தகை எழுதும் முன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டுவிடுங்கள். அரசாங்கம் நிபந்தனையோடு கொடுத்த காணி அது. நிபந்தனை மீறினால் பத்திரமே போகும்.

கேள்வி: வந்தாறுமூலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு அறை கட்டியிருக்கிறோம். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். ஒரு தரகர், ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, வந்தாறுமூலை

பதில்: கொடுக்க வேண்டாம். பல்கலைக்கழக வாசலில் இருக்கிற அறைக்குத் தரகர் எதற்கு? போகிற அக்காமார் வருகிற தங்கச்சிமாரைக் கூட்டிவந்து விடுவார்கள். ஒரு நல்ல அறையின் பெயர் பீடம் முழுக்கப் பரவ ஒரு வாரம் போதும், கெட்ட அறையின் பெயர் பரவ ஒரு நாள்.

உங்களுக்குத் தேவை, விடுமுறைக்கு என்ன வாடகை என்ற தீர்மானம். பல்கலைக்கழகம் மூடினால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். 2020இல் கொரோனாவுக்கு மூடியபோது சாமான் அறையில், பிள்ளைகள் ஊரில், வாடகை யாரிடம் என்று பல வீடுகளில் முகம் சுளித்துப் பிரிந்தார்கள். மூடியிருக்கும் மாதத்துக்கு அரை வாடகை, சாமான் அறையில் இருக்கலாம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பெண் பிள்ளைகள் என்றால் குளியலறைக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாளும் வளவுக்கு இரவு விளக்கும் வாடகை கேட்பதற்கு முன் இருக்க வேண்டியவை.

கேள்வி: "எங்கள் ஆட்களுக்கு மட்டும் கொடுங்கள்" என்று வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். நல்ல உத்தியோகத்தில் இருக்கிற வேற்று மதத்தவர் வந்து நிற்கிறார். தொழில் செய்கிறவர் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இந்தக் கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது; மூன்று பேரும் வேறு வேறு மதம் என்று கையெழுத்தைப் பார்த்தே ஊகிக்கிறேன். எல்லாப் பக்கத்து வீட்டுக்காரரும் இதையே சொல்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

வந்து நிற்கிறவரைப் படலைவரை கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பாதீர்கள். அந்த அவமானத்தை அவர் மறக்க மாட்டார், கூட்டிப்போன உங்களையும் மறக்க மாட்டார். வீட்டைப் பொறுப்பெடுக்கும் அன்றே உரிமையாளரிடம் பேசுங்கள். "எங்கள் ஆட்கள்" என்பதற்குள் என்ன பயம் இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் சின்ன விஷயமாக வெளியே வரும். சாமி அறை இருக்கிறது, மாட்டிறைச்சி சமைப்பார்களோ. நாய் வளர்க்கிறோம், தொழுகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்குமோ. சிங்களம் தெரியாது, எப்படிப் பேசுவது. சாமி அறையைப் பூட்டிச் சாவியை உரிமையாளர் வைத்திருக்கலாம். நாய்க்குக் கூடு கட்டலாம். மொழிக்கு நீங்கள் இருக்கிறீர்கள். இப்படிப் பேசித்தான் மூன்று சமூகத்தாரையும் கலந்து குடிவைத்து வருகிறேன். எனக்குத் தெரிந்து மிக ஒழுங்காக வாடகை கட்டிய குடும்பம், முதலில் வேண்டாம் என்று சொல்லப்பட்ட குடும்பம்.

பேசியும் அசையாதவர் இருப்பார். வீடு அவருடையது, வற்புறுத்த முடியாது. ஆனால் சாதி கேட்கிறவரின் வீட்டை நான் எடுப்பதில்லை. வாடகைக்காரரிடம் போய் அதை விசாரித்து வரச் சொல்லும் வேலைக்குக் கூலி கிடையாது.

கேள்வி: வாடகைக்கு வருகிறவரை எப்படி விசாரிப்பது? பொலிசுக்கும் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: வேலை செய்யும் இடம், முன்பு இருந்த வீடு, இரண்டுக்கும் ஒவ்வொரு போன். இப்போது குடியிருக்கும் வீட்டுக்காரரைவிட, அதற்கு முன்னால் இருந்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இப்போது வைத்திருப்பவர் அனுப்பிவிடும் அவசரத்தில் நல்லவர் என்றே சொல்வார். குடியிருப்போர் விபரத்தைப் பொலிஸ் கேட்டால் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். யுத்த காலத்தில் பட்ட பாட்டால் அந்தப் படிவத்தைக் கண்டாலே இன்னும் சிலருக்குக் கை நடுங்கும். வீட்டுக்காரர் பெயரில், அவர் கையால் நிரப்பட்டும்.

அடையாள அட்டைப் பிரதியை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இவரைத் தெரியுமா?" என்று கேட்கிற தரகர்கள் இருக்கிறார்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்று நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது, அவர்களுக்கு யாராவது சொல்லுங்கள். காகிதப் பிரதி ஒன்று, அதன் குறுக்கே "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று பேனாவால் எழுதி, கோப்புக்குள்.

கேள்வி: பெண் ஒருத்தி தனியாக இந்தத் தொழில் செய்ய முடியுமா?
– வாசகி, செங்கலடி

பதில்: நான் செய்கிறேன். பூட்டிய வீட்டைக் காட்ட ஆண்கள் மட்டும் வந்தால் பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டுக்கொள்வேன். அந்த அம்மாவுக்குத் தெரியாத ஒரு விஷயமும் அந்த வீட்டில் இருக்காது. ஒரு தேநீருக்கு எல்லாம் சொல்லிவிடுவார்.

கேள்வி: குடி எழும்பிப் போகும்போது வீட்டுக்காரர் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க மறுக்கிறார். வாடகைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் பொறுப்பா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: முற்பணம் உங்கள் கைவழி போயிருந்தால் ஊர் உங்களைத்தான் பொறுப்பாக்கும், சட்டம் என்ன சொன்னாலும். அதனால் அதுவும் வங்கிவழி, நேரே.

இப்போதைக்கு வீட்டுக்காரர் எதற்காகப் பிடிக்கிறார் என்று பட்டியலாக எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் "வீட்டை நாசமாக்கிவிட்டான்" என்பவர், எழுதச் சொன்னால் ஒரு உடைந்த கண்ணாடியும் ஆணி அடித்த இரண்டு ஓட்டையும் எழுதுவார். கண்ணாடிக்குக் கழியுங்கள். ஆணி ஓட்டைக்கும் மங்கிய வெள்ளைக்கும் கழிக்கக் கூடாது, அது குடியிருந்த தேய்மானம். கடைசி மின்பட்டியலும் தண்ணீர்ப் பட்டியலும் வரும்வரை ஒரு சிறு தொகையைப் பிடித்து வைக்கலாம். அது எவ்வளவு, எந்தத் திகதிக்குள் திருப்பப்படும் என்று இருவர் முன்னாலும் எழுதி வாங்குங்கள். இருவரும் உங்கள் மேல் கோபமாகத்தான் போவார்கள். அடுத்த வீடு தேவைப்படும்போது வாடகைக்காரரும், அடுத்த ஆள் தேவைப்படும்போது வீட்டுக்காரரும் போன் எடுப்பார்கள்.

அடுத்த மாதம் கேள்வி அனுப்புகிறவர்கள் ஊரின் பெயரை எழுதுங்கள், ஒழுங்கையின் பெயர் வேண்டாம். உறுதியின் பிரதியை இணைத்து அனுப்பிய அந்த வாசகருக்கு: அது பத்திரமாக இருக்கிறது, பதிவுத் தபாலில் திரும்பி வருகிறது.